கைக்குழந்தையோடு விமானம்: ஒரு குக்கர் பாடம்

நம் மலையூர் கேத்தியில் எந்தப் பெட்டிக்கடை முன்னால் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகள் தொட்டால் வெடித்துவிடும் போல உப்பிக்கொண்டிருக்கும். அதே கம்பெனியின் அதே பாக்கெட் அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் சாதுவாகத் தொங்கும். கீழே அடைத்த காற்று, மேலே வந்ததும் விரிய இடம் தேடுகிறது. அவ்வளவுதான். இதைத் தலைகீழாகவும் பார்க்கலாம். கேத்தியில் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, காலி பாட்டிலை இறுக்கி மூடி காரில் போட்டு வையுங்கள். குன்னூர் தாண்டி, பர்லியார் தாண்டி, கல்லாறு வரும்போது யாரோ கையால் நசுக்கியது போல அது ஒடுங்கிக் கிடக்கும்.

இந்தப் பாக்கெட்டும் பாட்டிலும் புரிந்துவிட்டால், விமானத்தில் குழந்தை ஏன் வீறிட்டு அழுகிறது என்பது முக்கால்வாசி புரிந்த மாதிரி. மீதியைப் படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

பெங்களூரிலும் சென்னையிலும் துபாயிலும் நம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவை விமான நிலையத்துக்கு இறங்குவது இப்போது இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் புதிதில்லை. ஆனாலும் முதல் தடவை கிளம்பும் வீட்டில் பாட்டிமார் கேட்கும் கேள்வி மட்டும் மாறுவதில்லை: “அவ்வளவு உசரத்துல குழந்தைக்கு மூச்சு முட்டாதா?”

முதலில் இந்தப் பயத்தைத் தீர்ப்போம். விமானம் பறப்பது சுமார் 35,000 அடி உயரத்தில். அங்கே வெளியே இருக்கும் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கால்வாசிகூட இல்லை. குளிர் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. ஆனால் பயணிகள் உட்கார்ந்திருக்கும் அறை அந்த உயரத்தில் இல்லை. அந்த அறைக்குள் இருக்கும் காற்று, சாதாரணமாகப் பறக்கும்போது, 8,000 அடி உயரத்து மலைக்காற்றைவிட மெல்லியதாகப் போகக்கூடாது என்பது விமானப் பாதுகாப்பு விதி. 8,000 அடி என்றால் 2,438 மீட்டர். கேத்தி ரயில் நிலையம் இருப்பது 2,092 மீட்டரில். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். ஆக, விமானத்துக்குள் காற்று மிக மெல்லியதாக இருக்கும் நேரத்தில்கூட அது தொட்டபெட்டாக் காற்றைவிடக் கனமானதுதான். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புது விமானங்களில் உள்ளே 6,000 அடிக் காற்றே வைத்திருக்கிறார்கள். அது குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்குச் சற்று மேலே.

சென்னைக் குழந்தைக்குத்தான் விமானம் ஏறுவது மலையேறுவது மாதிரி. நம் குழந்தைக்கு அது சொந்த ஊர்க் காற்று. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு உள்ள குழந்தை என்றால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டே டிக்கெட் போடுங்கள்.

சரி, வெளியே கால்வாசிக் காற்று இருக்கும் இடத்தில் உள்ளே கேத்திக் காற்று எப்படி வந்தது? இங்கேதான் குக்கர் வருகிறது.

குக்கரின் அருமையை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டால் அது வேகாமல் முறைத்துக்கொண்டிருக்கும். அதனால் மூடியைப் போட்டு, உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, சமவெளியில் வேகிற மாதிரி வேக வைக்கிறோம். விமானமும் இதே வேலையைத்தான் செய்கிறது. நீராவிக்குப் பதில் காற்று. (விமானத்தில் தரும் டீ சப்பென்று இருக்கிறது என்று சமவெளிக்காரர்கள் குறைப்படுவார்கள். அங்கேயும் தண்ணீர் 100 டிகிரியைத் தொடாது. நமக்குப் பழகிப்போன விஷயம்.)

முதலில் அடுப்பு. இந்தக் குக்கருக்கு அடுப்பு என்பது விமானத்தின் என்ஜின். என்ஜின் முன்பக்கமாகக் காற்றை இழுத்து நெருக்கி அமுக்குகிறது. பெரும்பாலான விமானங்களில், எரிபொருள் கலந்து எரிவதற்கு முன்பே அந்தக் காற்றில் கொஞ்சத்தைக் குழாய் வழியாகப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். அதனால் அதில் புகை இல்லை. ஆனால் அமுக்கிய காற்று ஆகையால் கொதிக்கும் சூட்டில் இருக்கும். எனவே அதை விமானத்தின் வயிற்றுப்பகுதியில் உள்ள குளிரூட்டும் கருவிகளில் ஆறவைத்து, பிறகுதான் மேலே அனுப்புகிறார்கள். உள்ளே ஏற்கெனவே இருக்கும் காற்றில் ஏறக்குறைய பாதியை நுண்வடிகட்டிகளில் வடித்து இதோடு கலக்கிறார்கள். இப்படி இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அறைக்காற்று முழுவதும் மாறிவிடுகிறது. ஒரே ஒரு குறை, இந்தக் காற்றில் ஈரமே இருக்காது. மூடுபனியில் வளர்ந்த குழந்தைக்கு உதடு சட்டென்று காய்ந்துவிடும். எனவே வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது தாய்ப்பாலாகவே இருக்கட்டும்.

அடுத்தது வெயிட். காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தால் குக்கர் என்ன ஆகும்? அதனால் விமானத்தின் பின்பக்கம், அடிவயிற்றில், வெளியேற்றும் வால்வு ஒன்று இருக்கிறது. நம் வீட்டு வெயிட் முழு அழுத்தம் ஏறும்வரை பொறுத்திருந்து ஒரேயடியாக விசில் அடிக்கும். இந்த வால்வு அப்படி அல்ல. கணினி அதை விநாடிக்கு விநாடி கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடி, உள்ளே வரும் காற்றையும் வெளியே போகும் காற்றையும் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். விமானம் விறுவிறுவென்று 35,000 அடிக்கு ஏறும்போது, உள்ளே இருக்கும் நீங்கள் மெதுவாகக் கேத்திக்கு மட்டும் ஏறுகிறீர்கள் என்றால் அது இந்த வால்வின் சாமர்த்தியம். வால்வு மக்கர் செய்தால் காப்பாற்றத் தனியாக சேஃப்டி வால்வுகளும் உண்டு, குக்கரில் இருப்பது போலவே.

பிறகு மூடி. குக்கரில் இரண்டு ஜாதி: மேலே கவிழ்த்து மூடுவது ஒன்று, உள்ளே நுழைத்து மேலே இழுத்து மாட்டுவது இன்னொன்று. உள்மூடிக் குக்கரில் ஆவி ஏற ஏற மூடி இன்னும் இறுகும். ஆவி அடங்காமல் யார் இழுத்தாலும் திறக்காது. பெரும்பாலான பயணிகள் விமானங்களின் கதவு இந்த உள்மூடி ஜாதி. உயரத்தில் பறக்கும்போது கதவின் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் உள்ளிருந்து 5 டன்னுக்கு மேல் காற்று அழுத்திக்கொண்டிருக்கும். ஆகையால் துறுதுறுவென்ற பையன் கைப்பிடியைத் தொட்டுவிடுவானோ என்று வானத்தில் பயப்பட வேண்டாம். தரையில் நிற்கும்போது பயப்படுங்கள். அப்போது அழுத்தம் இருக்காது, கதவு திறக்கும். இவ்வளவு சொன்னாலும், விசில் அடிக்கும் குக்கருக்குள் இருக்கும் அழுத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் விமானத்துக்கு. தினமும் காலையில் நம் அடுப்பில் நிற்பது அதைவிட முரடு.

ஜன்னலோரம் உட்காரும் பிள்ளை கட்டாயம் ஒன்று கேட்கும்: “கண்ணாடியில ஏன் ஓட்டை இருக்கு?” ஜன்னலில் மூன்று அடுக்குத் தகடுகள். வெளித்தகடுதான் அழுத்தத்தைத் தாங்குவது. நடுத்தகடு மாற்று ஆள். அந்த நடுத்தகட்டில்தான் குண்டூசித் துளை. அதன் வழியாகக் காற்று போய் வருவதால் சுமை முழுவதும் வெளித்தகட்டுக்குப் போய்ச் சேர்கிறது, கண்ணாடியில் பனி படர்வதும் குறைகிறது. கையால் தொடும் உள்தகடு கீறலுக்காக மட்டும். பதில் தெரிந்து வைத்திருந்தால் ஐந்து நிமிடம் நிம்மதியாகக் கழியும்.

இப்போது காதுக்கு வருவோம். பயணத்தின் ஒரே உண்மையான தொந்தரவு இதுதான்.

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. வழக்கமாக இந்தக் குழாய் மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் ஒரு கணம் திறக்கும். விமானம் ஏறும்போது, சிப்ஸ் பாக்கெட் கதைதான்: அறையில் உள்ள காற்று விரிகிறது, குழாயைத் தானே தள்ளிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. பெரும்பாலும் சிக்கல் இல்லை.

இறங்கும்போதுதான் வம்பு. கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரை டிபன் கேரியர் அடுக்கில் ஊற்றி மூடிவிட்டு, ஆறியபின் திறந்து பார்த்திருக்கிறீர்களா? மூடி நகராது. உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். கத்தி முனையை விளிம்பில் நுழைத்து ‘உஸ்’ என்று காற்றை உள்ளே விட்டால்தான் கழலும். இறங்கும் விமானத்தில் குழந்தையின் காதும் இப்படித்தான். செவிப்பறை உள்ளே இழுபட்டு வலிக்கிறது. குழாயோ ஒட்டிக்கொண்டுவிட்டது. கத்தி முனைக்குப் பதில் நம் கையில் இருப்பது விழுங்குதல். ஒவ்வொரு மடக்கு விழுங்கும்போதும் தசை குழாயைத் திறக்கிறது, கொஞ்சம் காற்று உள்ளே போகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாக, குறுகலாக, படுக்கைவாட்டில் இருப்பதால் எளிதில் அடைபடுகிறது. சளி பிடித்திருந்தால் வீங்கி இன்னும் இறுகும்.

எனவே செய்ய வேண்டியது: இறங்கும்போது பால் கொடுப்பது. தாய்ப்பாலோ, புட்டிப்பாலோ, விவரம் தெரிந்த பிள்ளைக்கு ஸ்ட்ரா போட்ட ஜூஸோ, ஏதோ ஒன்று தொண்டையில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கலாம், அதற்குக் கீழே தொண்டையில் சிக்கும். கைக்குழந்தைக்குக் கொடுக்கும்போது தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். பலரும் விமானம் கிளம்பும்போது பாட்டில் முழுவதையும் கொடுத்துத் தூங்க வைத்துவிடுகிறார்கள். இறங்கும்போது குழந்தை தூக்கத்தில், பாட்டில் காலி. தூங்கும் குழந்தை அதிகம் விழுங்காது. காது அடைத்துக்கொண்டபின் விழித்து அலறும், அலறும் வாயில் பால் ஏறாது. ஆகவே கிளம்பும்போது பாதி, இறங்கும்போது பாதி. தரையைத் தொடுவதற்குச் சுமார் 25 நிமிடம் முன்பே விமானம் இறங்க ஆரம்பித்துவிடும். என்ஜின் இரைச்சல் தணிவதைக் கேட்டாலே தெரியும். அப்போதே எழுப்பிவிடுங்கள். ஊர் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். தரைக்கு நெருங்க நெருங்க ஒவ்வொரு நூறு அடிக்கும் அழுத்தம் கூடுதலாக மாறும், வலியும் அங்கேதான் உச்சம். எல்லாவற்றையும் மீறி அழுதால் அழட்டும். அழுகையும் அந்தக் குழாயைத் திறந்துவிடும். பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இந்த இடத்தில் மலைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும்போதே 1,760 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். சென்னையில் தரையிறங்கும் விமானத்துக்குள் ஏற்படும் அதிகபட்ச இறக்கத்தில் இது ஏறக்குறைய முக்கால் பங்கு. விமானம் அரை மணிக்குள் செய்வதை மலைப்பாதை ஒன்றரை மணி நேரத்தில் செய்கிறது. ஆகவே குன்னூர் மலைப்பாதையே ஒத்திகை. எந்த வளைவில் குழந்தை காதைப் பிடித்து இழுக்கிறது, தண்ணீருக்கு அடங்குகிறதா பாலுக்கு அடங்குகிறதா என்று கவனித்து வையுங்கள். அதே வைத்தியம் விமானத்திலும் பலிக்கும். பர்லியாரிலேயே காது தாங்காமல் துடிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் விமானத்தில் நிலைமை மோசமாகும். ஊரிலேயே டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். தூங்க வைக்கிறேன் என்று சளி மருந்தை நீங்களாக ஊற்றுவது கூடவே கூடாது.

என்னைக் கேட்டால், மொத்தப் பயணத்தில் கடினமான பகுதி அந்த 14 கொண்டை ஊசி வளைவுகள்தான். வயிறு நிறையப் பாலைக் குடித்துவிட்டுக் காரில் ஏறிய பிள்ளை, ஏழாவது வளைவுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டே கிளப்புங்கள், ஆனால் உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை இருக்கட்டும். மேட்டுப்பாளையத்தில் கழற்றி, விமானத்துக்குள் மறுபடி போட வேண்டியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் மரம் விழுவதும் மண் சரிவதும் சகஜம். அந்த மாதங்களில் காலை விமானம் என்றால் முதல்நாளே கோவைக்கு இறங்கிவிடுவது நல்லது. குன்னூர் பாதை அடைபட்டால் கோத்தகிரி வழி இருக்கிறது.

டிக்கெட் விஷயம் சுருக்கமாக. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயமில்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம், கட்டணமும் குறைவு. வயதுக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். வெளிநாடு என்றால் பிறந்த குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். போகும்போது இரண்டு வயது நிரம்பாமல், திரும்பும்போது நிரம்பிவிட்டால் திரும்புவதற்கு முழு இருக்கை எடுக்க வேண்டும். இது பலருக்குக் கவுண்டரில்தான் தெரிகிறது. பெரியவர் ஒருவர் மடியில் ஒரு குழந்தைதான். 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, ஒரே பதிவு எண்ணில் வரும் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவர் பக்கத்திலேயே இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. பிரித்துப் போட்டால் தயங்காமல் கேளுங்கள். குழந்தைக்கான பாலையும் உணவையும் பாதுகாப்புச் சோதனையில் அனுமதிப்பார்கள், ஆனால் பையிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் குழந்தையை உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். விமானம் குலுங்கினால் உங்கள் எடை முழுவதும் குழந்தை மேல் விழும். உங்கள் பெல்ட்டில் கோத்துக்கொள்ள குழந்தைக்கென்று தனி பெல்ட் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பிறகு அந்த மஞ்சள் ஆக்ஸிஜன் முகமூடி. பணிப்பெண் செய்து காட்டும்போது, முதலில் உங்களுக்கு, பிறகு குழந்தைக்கு என்பார். எந்தத் தாய்க்கும் இது மனம் ஒப்பாது. காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். குக்கர் எங்காவது கசிந்து உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கினால், 35,000 அடியில் பெரியவர் தெளிவாக யோசித்துச் செயல்பட முடிவது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான். குழந்தைக்கு மாட்டும் முயற்சியிலேயே நீங்கள் மயங்கிவிட்டால் இருவருக்கும் உதவ ஆள் இல்லை. உங்களுக்கு மாட்டிக்கொண்டால் குழந்தைக்கு நிதானமாக மாட்டலாம். விமானி அதற்குள் 10,000 அடிக்கு இறக்கிவிடுவார். அது தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

சிப்பர் பாட்டிலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கேத்தியில் மூடிய சிப்பரை விமானத்தில் திறந்தால் ஒன்றும் ஆகாது. கோவை விமான நிலையத்தில், அதாவது சுமார் 400 மீட்டர் உயரத்தில், நிரப்பி மூடியதைத் திறந்தால் ஸ்ட்ரா வழியாகத் தண்ணீர் முன் இருக்கைக்காரர் முதுகு வரை பீய்ச்சும். குழந்தையிடம் கொடுக்கும் முன் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, காற்றைப் போகவிட்டு மறுபடி மூடுங்கள்.

கழிவறையும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. உயரத்தில், உள்ளே இருக்கும் அதிக அழுத்தமே கழிவை வெளியழுத்தத்தோடு தொடர்புள்ள தொட்டிக்கு உறிஞ்சித் தள்ளுகிறது. அதனால்தான் அந்தப் பயங்கரச் சத்தம். சிறு பிள்ளைகள் மிரண்டுவிடும். பிள்ளையை வெளியே அனுப்பி, மூடியைக் கவிழ்த்துவிட்டு, பிறகு பொத்தானை அமுக்குங்கள்.

தரையைத் தொட்டதும் அந்தப் பின்பக்க வால்வு முழுவதும் திறந்துகொள்ளும். உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் ஆனபிறகுதான் கதவு திறப்பார்கள், ஆவி அடங்கியபின் குக்கர் மூடி திறப்பது போல. அதன் பிறகும் குழந்தை காதைத் தேய்த்துக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பால் கொடுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். மறுநாளும் வலித்தாலோ, காதில் நீர் வடிந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

ஊர் திரும்பும்போது கோவையில் இறங்கிவிட்டால் காது வேலை முடிந்தது. மலை ஏறும்போது காற்று தானே வெளியேறிவிடும், குழந்தையை வழியெல்லாம் தூங்கவிடலாம். ஆனால் வாடகைக் கார் நம் மாவட்டத்து டிஎன் 43 பதிவு இல்லையென்றால், 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் இல்லாமல் மேலே விடமாட்டார்கள். சோதனைச் சாவடியில் குழந்தையோடு காத்துக்கிடக்காமல், விமானம் ஏறுவதற்கு முன்பே அதை எடுத்து வைத்துவிடுங்கள்.